ஐம்பதுக்குக் கீழே

ஒரு கடைக்கு வருகிற ஆளெல்லாம் ஒரே விலையைக் கேட்டுவிட்டுப் போனால் அங்கே நடப்பது வியாபாரம் இல்லை, ஏற்பாடு. பாத்திரக்கடையில் அம்மாவின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த கறாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் திங்கட்கிழமை காலை, பாதி குடித்த காப்பியோடு, திரையில் நாடித்துடிப்புப் பத்தியை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டு வந்தவளுக்கு மூக்கில் வியர்த்தது. அறுபத்திரண்டு, ஐம்பத்தேழு, ஐம்பது, ஐம்பது, எழுபத்தொன்று, ஐம்பது, ஐம்பது, ஐம்பது. மனுஷ இதயம் இவ்வளவு ரவுண்டாகக் கணக்குப் பேசாது.

கறார் என்பது அலுவலகம் வைத்த பெயர். தசமப் புள்ளியில்கூடத் தள்ளுபடி தரமாட்டாள் என்பதால் வந்தது. அவளும் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டாள். மருந்துச் சோதனைகளின் டேட்டாவைக் கட்டிக்காப்பது அவள் வேலை. இந்தத் தடவை ரத்த அழுத்தத்துக்கு ஒரு புது மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களைப் பல ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் மாதாமாதம் வரவழைத்துப் பரிசோதித்து, எண்களைச் சிஸ்டத்தில் தட்டுவார்கள். தட்டியது சரிதானா என்று இந்த அலுவலகம் பார்க்கும். எண் ஏடாகூடமாக இருந்தால் சிஸ்டமே பக்கத்தில் சிவப்பாக ஒரு கேள்வி எழுப்பும். அதற்குப் பெயர் க்வெரி. பதில் வராத க்வெரி எத்தனை என்று சுவரில் ஒரு பெரிய திரை காட்டிக்கொண்டே இருக்கும். இந்தச் சோதனைக்கு அது பல வாரமாகப் பூஜ்யத்தில் நின்றது. வருகிற விருந்தாளிகளை எல்லாம் மேனேஜர் அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் நிற்கவைத்துத்தான் பேசுவார்.

சோதனையின் முதல் பாகம் முடிந்துவிட்டது. புதன்கிழமை மாலை அதைப் பூட்டுவார்கள். பூட்டியபின் எந்த எண்ணையும் யாரும் தொடமுடியாது. வியாழக்கிழமையிலிருந்து மாத்திரையின் அளவு இரட்டிப்பாகும். ஆனால் எல்லாருக்கும் இல்லை. இந்த மாத்திரைக்கு இதயத்தை மெதுவாக்கும் குணம் உண்டு. ஆகவே கடைசியாகப் பதிவான நாடித்துடிப்பு ஐம்பதுக்குக் கீழே இருந்தால் அளவைக் கூட்டக்கூடாது என்பது விதி. சிஸ்டமே எண்ணைப் பார்த்து, கூட்டலாம் என்றால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை காட்டும்.

ஐம்பது என்று பதிவானவர்கள் அத்தனை பேருக்கும் பச்சை எரிந்தது.

கறார் ஒரு ஐம்பதைப் பிடித்து உள்ளே போனாள். ஒரு தையல்காரர். சேர்ந்தபோது அவருடைய துடிப்பு ஐம்பத்தெட்டு. இரண்டாம் மாதத்திலிருந்து ஐம்பது, ஐம்பது, ஐம்பது. புகார் எழுதும் கட்டத்தில் நர்ஸ் தட்டியிருந்தார்: 'காலையில் எழுந்தால் தலைசுற்றல். மெஷின் மிதிக்கும்போது கண் இருட்டுகிறது.' அதன் கீழே, டேட்டாவைப் பார்வையிடும் மருத்துவரின் பதில்: 'நாடித்துடிப்பு ஐம்பது. கவலைக்கு இடமில்லை.'

காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், அந்தத் தையல்காரரோட நாடித்துடிப்பு…"

"ஐம்பதுன்னு போட்டிருக்கேனே மேடம்."

"போட்டிருக்கீங்க. எவ்வளவு இருந்துச்சு?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருந்ததைத்தான் மேடம் போட்டேன்."

"சிஸ்டர், நான் பாத்திரக்கடைக்காரி மக. எங்க கடையில ஒரு ஆள் இருந்தார். எந்தக் குடத்தை நிறுத்தாலும் மூணு கிலோம்பார். அவர் திருடர் இல்ல. தராசுல முள்ளு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. உங்களை நான் ஒண்ணும் சொல்லல. முள்ளு எங்க ஒட்டியிருக்கு, அதை மட்டும் சொல்லுங்க."

"சொன்னா என் வேலைக்கு உலை வச்சிட மாட்டீங்களே?"

"சொல்லாட்டி வியாழக்கிழமை அவருக்கு மாத்திரை ரெண்டாகும். உங்க கையாலதான் கொடுக்கப்போறீங்க."

அதற்குப் பிறகு சிஸ்டர் மூச்சு விடாமல் கொட்டினார். "மேடம், முள்ளு ஒட்டியிருக்கிறதே உங்க தராசுலதான்! நாப்பத்தாறுன்னு தட்டினா பக்கம் சேவ் ஆகாது. அம்பதுக்குக் கீழ வாங்கவே வாங்காதுங்குது. அந்தப் பக்கம் முடியாம அடுத்த பக்கம் திறக்காது. அடுத்த பக்கம் திறக்காம அந்த மாசத்து மாத்திரை டப்பா நம்பர் வராது. எதிர்ல அவர் உக்காந்திருக்கார், வெளிய பெஞ்சு நிறைய ஆளு. உங்க உதவி நம்பருக்குப் போன் பண்ணினேன். பாட்டுப் போட்டீங்க. பாட்டு முடிஞ்சதும் ஒரு ஆள் வந்து 'ஏற்கத்தக்க எண்ணைப் போடுங்க'ன்னார். போட்டேன். நோயாளியோட ஃபைல்ல சரியான எண்ணைத்தான் எழுதியிருக்கேன். சிஸ்டம் என்ன எண்ணுக்கு ஆசைப்பட்டுச்சோ அதை அதுக்குக் கொடுத்தேன்."

"உங்க பெரிய டாக்டர் பாக்கலையா?"

"அவர் ஸ்கிரீன்ல பச்சை எரிஞ்சா கையெழுத்துப் போட்டுட்டு எழுந்திருப்பார் மேடம். அவருக்கு ஆபரேஷன் இருக்கும்."

கறார் போனை வைத்துவிட்டு, பழகிப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் நகல் சிஸ்டத்தைத் திறந்து நாற்பத்தாறு என்று தட்டினாள். சேவ் பட்டன் சாம்பல் நிறமாகிச் செத்துப்போனது. இந்தப் பக்கத்தை வடிவமைத்தது யார் என்று தேட வேண்டிய அவசியம் இல்லை. அவளேதான்.

நடந்தது இதுதான். சோதனையில் ஆள் சேர்க்கும்போது, ஐம்பதுக்குக் கீழே துடிப்பு உள்ளவரைச் சேர்க்கவே கூடாது. ஆகவே முதல் பக்கத்தில், ஐம்பதுக்குக் கீழே வாங்காதே என்று அவள் போட்ட பூட்டு நியாயமான பூட்டு. அப்புறம், மாதாமாதம் நிரப்ப வேண்டிய பக்கங்களைப் புதிதாக எழுதுவானேன் என்று அந்த முதல் பக்கத்தையே நகல் எடுத்து வரிசையாக ஒட்டிவிட்டாள். கட்டங்களோடு பூட்டும் கூடவே வந்துவிட்டது. வாசல் கதவுக்கு வாங்கிய பூட்டு, வீட்டில் அறைக்கு அறை தொங்கியது. ஏடாகூடமான எண் உள்ளேயே வராததால் க்வெரியும் வரவில்லை. சுவரில் எரிந்த அந்தப் பூஜ்யம் அவளுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வாங்கிக் கொடுத்திருந்தது.

மேனேஜருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஆகட்டும். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். சொன்ன பிறகு எதுவும் ஆகாது. கறார் நிலவரத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"நாலு துடிப்பு முன்னபின்னதானேம்மா?"

"அந்த நாலுலதான் சார் பச்சையும் சிவப்பும் இருக்கு."

"அறிக்கையில கடைசியா ஒரு குறிப்பு சேர்த்துடலாம். 'சில எண்களில் வரம்பு இருந்தது'ன்னு."

"தையல்காரர் அறிக்கை படிக்க மாட்டார் சார். மாத்திரையைத்தான் முழுங்குவார்."

"சரி, புதன்கிழமை பூட்டிடுவோம். அப்புறமா முறைப்படி திறந்து…"

"அவர் வியாழக்கிழமை காலையிலயே வந்துடுவார்."

ஆகட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்போதுதான் அசல் பேரத்துக்கு வந்தார். "மருந்துக் கம்பெனிக்காரங்க கேப்பாங்களேம்மா. யார் தப்புன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"என் தப்புன்னு சொல்லுங்க. பக்கத்தை நகல் எடுத்தது நான், சோதிச்சுப் பாக்காம விட்டது நான். எழுதித் தர்றேன்."

"எழுத்துலயா?"

"எழுத்துல. கையெழுத்தோட."

பழிக்கு ஆள் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் மெல்லப் பரவியது. "ஆகட்டும்," என்றார். அந்த வார்த்தை அந்த அறையில் முதல் தடவையாக உயிரோடு வந்து விழுந்தது. "ஆனா புதன்கிழமை மாலை புதன்கிழமை மாலைதான். அதுக்குள்ள யார் திருத்தினாங்களோ திருத்தினதுதான்."

புரோகிராமர் இதைவிடக் கெட்டி. நாற்காலியைத் திருப்பாமலே சொன்னார்: "ரெண்டு வாரம்."

"நாளைக்கு."

"மேடம், மாத்தணும், டெஸ்ட் பண்ணணும், பேப்பர் எழுதணும், ரெண்டு கையெழுத்து வாங்கணும்."

"பூட்டை மாத்தச் சொல்லல, கழட்டத்தான் சொல்றேன். எண்ணு என்னவா இருந்தாலும் உள்ள வாங்கிக்கட்டும். வாங்கினப்புறம் சிவப்பா ஒரு கேள்வி கேக்கட்டும். அவ்வளவுதான்."

"சரி, ஒரு வாரம்."

"டெஸ்ட் நான் பண்றேன். பேப்பர் நான் எழுதறேன். மேனேஜர்கிட்ட ஒரு கையெழுத்து ஏற்கனவே வாங்கியாச்சு. மிச்சம் உங்க வேலை எவ்வளவு, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பினார். "நாளைக்குச் சாயங்காலம்."

"மத்தியானம்."

"காய்கறி வாங்கும்போதும் இப்படித்தானா மேடம்?"

"காய்கறிக்காரங்க உங்களை மாதிரி ரெண்டு வாரத்துல ஆரம்பிக்கிறதில்ல."

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்தாள். அம்மா கல்லாவில் இருந்தாள். தம்பி ஏணியில் நின்று அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தான். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அம்மா, "என்னடி, துரத்திட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல. நாளைக்கு எழுதிக் கொடுக்கப்போறேன், அதுக்கப்புறம் தெரியும்." நடந்ததைச் சொன்னாள்.

அம்மா காதில் விழுந்ததை நம்பவில்லை. "எழுதிக் கொடுக்கிறியா? உன்னைப் படிக்க வச்சதுக்கு நாலு அண்டா வாங்கிப் போட்டிருக்கலாம். ஓட்டை இருந்தாத் தானாத் தெரிஞ்சிட்டுப் போகுது! கடைக்காரி எவளாவது 'என் பானை ஓட்டை'ன்னு போர்டு எழுதி வாசல்ல மாட்டுவாளா?"

"ஓட்டைன்னு தெரிஞ்சா நீ விப்பியா?"

"விக்க மாட்டேன். கமுக்கமா உள்ள தூக்கி வச்சிடுவேன்."

"இது உள்ள வைக்கிற சரக்கு இல்லம்மா. எப்பவோ வித்தாச்சு. ஊர்ல எல்லார் வீட்டு அடுப்புலயும் கொதிச்சுக்கிட்டிருக்கு."

ஏணியிலிருந்து தம்பி சொன்னான்: "அக்கா, உன் ஆபீஸ்ல வேலை போச்சுன்னா இங்க வந்துடாத. வர்றவங்ககிட்ட எல்லாம் நெளிசலைக் காட்டி விப்ப."

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்து, "நீ அண்டாவைப் பாரு, நெளிக்காம இறக்கு," என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே, "எழுதுறதுதான் எழுதுற. மென்னு முழுங்காம எழுது. பாதி ஒத்துக்கிட்டவளைத்தான் முழுசா அடிப்பாங்க," என்றாள். அது சம்மதமா, சலிப்பா என்று கறாருக்கு விளங்கவில்லை. கேட்டாலும் அம்மா விலை சொல்லமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூட்டுக் கழன்றது. அவள் நாற்பத்தாறைத் தட்டிப் பார்த்தாள், முப்பதைத் தட்டிப் பார்த்தாள், எழுநூறைத் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சிஸ்டம் மறுபேச்சில்லாமல் வாங்கி, பக்கத்தில் சிவப்பாகக் கேட்டது: 'இது சரிதானா?' உடனே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் போயிற்று. மாதாந்தரப் பக்கத்தில் நாடித்துடிப்புக்கு ஐம்பது என்ற வரம்பு வைத்தது என் தவறு என்றுதான் அது ஆரம்பித்தது. உண்மை எண்ணைப் போட முடியாமல் ஐம்பது போட்டவர்கள், நோயாளியின் ஃபைலையும் ஈசிஜி தாளையும் பார்த்துப் புதன்கிழமை மாலைக்குள் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கீழே அவள் கையெழுத்து.

சிஸ்டரின் போன் உடனே வந்தது.

"மேடம், முதல் வரியிலயே உங்க தப்புன்னு போட்டிருக்கீங்களே! எங்க ஆஸ்பத்திரியில தப்பைக் கடைசிப் பக்கத்துல, யாரும் திருப்பாத இடத்துலதான் வைப்பாங்க."

"திருத்திட்டீங்களா?"

"அதான் கேக்கலாம்னு. திருத்தினா காரணம் கேக்குது. 'தட்டச்சுப் பிழை'ன்னு ஒண்ணு ரெடியா இருக்கு. அதைத் தட்டிடவா? பொட்டுன்னு முடிஞ்சிடும்."

அந்தச் சிஸ்டத்தில் எதையும் அழிக்க முடியாது. பழைய எண், புது எண், மாற்றியது யார், எப்போது, ஏன் என்று எல்லாம் அடியில் தடமாகத் தங்கிவிடும். சிஸ்டரின் பயம் அந்தத் தடத்தைப் பற்றித்தான்.

"ஒரே ஆளுக்கு மாசாமாசம் அம்பதுன்னே கை தவறித் தட்டுச்சுன்னா எவன் நம்புவான் சிஸ்டர்? அப்பதான் உங்களைப் பொய்க்காரின்னுவாங்க. 'மற்றவை'ன்னு இருக்கும் பாருங்க. அதைத் தட்டிட்டு, 'உண்மை எண்ணைச் சிஸ்டம் ஏற்கவில்லை'ன்னு எழுதுங்க. யாராவது கேட்டா என் கடிதத்தைக் காட்டுங்க. அடி எனக்கு விழட்டும்."

"உங்களுக்கு வலிக்காதா?"

"வலிக்கும். தடவிக்கிறேன். நீங்க திருத்துங்க."

மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்தும் எண்கள் வர ஆரம்பித்தன. ஓரிடத்தில் மட்டும் ஒருவர், "எங்க நோயாளிங்களுக்கு நிஜமாவே எல்லாருக்கும் அம்பதுதான்," என்று சாதித்தார். "அப்படியா, அதிசயம்தான். ஈசிஜி தாளை எடுத்துப் படிங்க, நான் லைன்லயே இருக்கேன்," என்றாள் கறார். அவள் போனை வைக்கட்டும் என்று அவர் பார்த்தார், அவள் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "நாப்பத்தேழு," என்றது குரல், கோபத்தோடு.

புதன்கிழமை காலை சுவர்த்திரையில் பூஜ்யம் போய்விட்டது. சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஆகட்டும் வழக்கமாக அதன் முன்னால் அழைத்து வரும் விருந்தாளிகளை அன்றைக்குச் சுற்றுவழியாகக் கூட்டிப்போனார்.

மத்தியானத்துக்குள் பெரும்பாலான இடங்கள் திருத்திவிட்டன. சிஸ்டரின் ஆஸ்பத்திரி மட்டும் அப்படியே நின்றது. அவள் போன் செய்தபோது சிஸ்டர் அடிக்குரலில், "பெரிய டாக்டர் கூடாதுங்கறார். தர்றேன், நீங்களே பேசுங்க," என்று கொடுத்துவிட்டார்.

"அம்மா, உங்க கடிதம் பார்த்தேன்," என்றார் பெரிய டாக்டர். குரலில் அவசரம் இருந்தது, கோபம் இல்லை. "தையல்காரர் விஷயம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவருக்கு நான் மாத்திரையைக் கூட்டப்போறதில்ல. பச்சை என்ன, பட்டாசே வெடிச்சாலும் கூட்ட மாட்டேன். போதுமா? பழைய எண்ணை எல்லாம் நோண்ட வேண்டாம். என் பேர்ல இருக்கிற சோதனையில நூத்துக்கணக்கா திருத்தம்னா நாளைக்கு ஆடிட்காரன் வந்து உக்காருவான்."

நல்ல விலைதான். அவள் எதற்காகப் புறப்பட்டாளோ அது, தையல்காரர், அந்த விலையில் பத்திரமாகக் கைக்கு வந்துவிடுகிறார். வாங்கிக்கொண்டு போகலாம். பேரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பையை நீட்டுவார்கள்.

"சார், உங்க தையல்காரரை நீங்க காப்பாத்திடுவீங்க," என்றாள் கறார். "இந்த மாத்திரை நாளைக்குக் கடைக்கு வரும். துடிப்பு அம்பதுக்குக் கீழ போகவே போகாதுன்னு அட்டையில அச்சடிச்சு வரும், நாம கொடுத்த எண்ணை வச்சு. அப்ப வேற ஒரு ஊர்ல, வேற ஒரு தையல்காரர் அதை வாங்குவார். அவருக்கு நீங்க டாக்டரா இருக்க மாட்டீங்களே."

அவர் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஆடிட்காரர் வரட்டும் சார். என்னையும் கூப்பிடுங்க. நானும் வந்து பக்கத்து நாற்காலியில உக்கார்றேன். ஐம்பது ஏன் வந்துச்சுன்னு நான் சொல்றேன், நாப்பத்தாறு ஏன் வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

"உங்க தப்பை ஒத்துக்கிட்டீங்க, சரி. அதோட நிக்காம என் கையெழுத்தையும் கேக்கறீங்க."

"பாத்திரமும் மூடியும் சேர்த்துத்தான் சார் தர்றது வழக்கம். தனியா விக்கிறதில்ல."

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. "சிஸ்டர், அந்த ஃபைலை எல்லாம் எடுத்துட்டு வாங்க," என்று யாரிடமோ சொல்வது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

கறார் தையல்காரரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் ஒரு ஐம்பது கோடு விழுந்து நாற்பத்தேழானது. அடுத்தது நாற்பத்தாறு. கடைசி ஐம்பது நாற்பத்துமூன்றானது. காரணம்: உண்மை எண்ணைச் சிஸ்டம் ஏற்கவில்லை. மூன்றும் சிவப்பாகக் கேள்வி கேட்டன. பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சை அணைந்தது.

மாலை ஆகட்டும் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. திருத்திய எண்களைப் பார்த்த மருந்துக் கம்பெனியின் மருத்துவர், எல்லா ஆஸ்பத்திரியிலும் அளவு கூட்டுவதையே நிறுத்தி வைத்துவிட்டாராம். மாத்திரை இதயத்தை எவ்வளவு மெதுவாக்குகிறது என்று முழுக்கப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும். அதனால் முதல் பாகத்தைப் பூட்டுவதும் தள்ளிப்போகிறது.

"அவங்க இன்னொண்ணும் சொல்லிட்டாங்கம்மா," என்று மேஜையைப் பார்த்தார். "அடுத்த சோதனைக்குப் பக்கம் வடிவமைக்க வேற ஆள் போடணுமாம்."

அது அவள் ஆசையாகச் செய்துவந்த வேலை.  

"போடுங்க சார். வர்றவங்களை என்கிட்ட ஒரு தடவை அனுப்புங்க. நகல் எடுக்கறதுக்கு முன்னாடி."

"ஆகட்டும்," என்றார் அவர். எந்த வகை ஆகட்டும் என்று போகப்போகத்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை அவள் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் போன் அடித்தது.

"அக்கா," என்றார் சிஸ்டர். மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. "தையல்காரர் வந்திருக்கார். இன்னைக்கு நாப்பத்திரண்டு. தட்டிட்டேன். சேவ் ஆயிடுச்சு! ஆனா சிவப்பா 'இது சரிதானா'ன்னு கேக்குது. என்ன போட?"

"உங்க கையால எண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை. பெரிய டாக்டரும் ஒரு தடவை. மாத்திரையையே நிறுத்திட்டார். இவர்தான் கோவிச்சுக்கிறார்."

பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "நாப்பத்திரண்டாம்மா? நல்ல அகலமான சட்டையாச்சே அது. அதுக்குப் போயி ஏன் மாத்திரையை நிறுத்துறீங்க?"

"சும்மா இருங்க ஐயா, போன்ல பேசிட்டிருக்கேன்," என்று சிஸ்டர் அதட்டினார். "அக்கா, என்ன போட?"

"ஆமான்னு போடுங்க," என்றாள் கறார்.

ஆமாம் என்ற பதில் திரையில் வந்து விழுந்தது. அவள் அதைப் படித்தாள், சரிபார்த்தாள், அந்த க்வெரியை மூடினாள். சுவர்த்திரையில் சிவப்பு ஒன்று குறைந்து, இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. அன்றைய காப்பியை ஆறுவதற்குள் முழுசாகக் குடித்துவிட்டு, அடுத்த ஐம்பதைத் திறந்தாள்.